ஒன்றரை அடி

டிரில்லிங் மிஷின் சத்தம் உயரத்திலிருந்து வருகிறது. அப்படி இருக்காது. குளியலறை சின்னது, ஆறடிக்கு நாலடி, அதற்குள் எந்தச் சத்தம் எழுந்தாலும் கூரையில் மோதித்தான் வெளியே வரும். நேற்று சோப்பு டப்பா தரையில் விழுந்தபோதுகூட மாடி வீட்டில் எதையோ போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அதனால் சத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கைப்பிடிக் கம்பி மாட்ட வந்த பாய் குந்தி உட்கார்ந்துதான் ஓட்டை போடுகிறார். இல்லையென்றால் நின்றுகொண்டு. நின்றுகொண்டு போட்டால் மிஷின் அவர் இடுப்புக்கு மேலே இருக்கும், அப்புறம் எல்லாம் வீண். எட்டடி தூரம்தான். கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனால் பத்துத் தள்ளலில் குளியலறை வாசலுக்குப் போய்விடலாம், போய் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். "தள்ளி உக்காருங்கம்மா, செவுத்துத் தூசி கண்ணுல விழுந்தா எரியும்" என்று கமாலுதீன் பாய் சொன்னார், அவர் சொன்னதற்காக இங்கே தையல் மிஷின் பக்கத்தில் யாருடைய ஜாக்கெட்டுக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது கொக்கி கோணல். பிரிக்க வேண்டும். தரையிலேயே வாழ்கிறவளுக்குத் தூசி என்ன புதுசா. தூசிக்காக நான் இங்கே உட்கார்ந்திருக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டால் பார்த்ததாகிவிடும். பார்த்த பிறகு ஏதாவது பேச வேண்டிவரும். பதினோரு மாசமாகப் பேசியிருக்கிறேன், வாய் வலிக்கிறது.

ஒன்றரை அடி என்று ஆய்வுக்கு வந்த வாரிய இன்ஜினியரிடம் மூன்று தடவை சொன்னேன். கம்பி தரையிலிருந்து ஒன்றரை அடி சார், பதினெட்டு அங்குலம். முதல் தடவை அவர் போனில் யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை தலையாட்டினார். மூன்றாம் தடவை, எல்லாம் எங்களுக்குத் தெரியும்மா என்றார். எழுதுகிறாரா என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா சட்டைப் பையைவிட்டு வெளியே வரவில்லை. நான் அளவு எடுக்கிறவள். இந்த அடுக்குமாடியில் பாதிப் பெண்களின் தோளும் கையும் என் நோட்டில் இருக்கிறது. கால் அங்குலம் பிசகினால் அக்குளில் பிடிக்கிறது என்று மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து நிற்பார்கள். எழுதாத அளவு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா. அப்போதே, சார் எழுதிக்கோங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் நின்றார், நான் தரையில் இருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கக் கழுத்தை அண்ணாந்து அண்ணாந்து நரம்பு இழுத்துக்கொண்டது, அப்படி அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒருத்தரை அதட்ட முடிவதில்லை. எதைச் சொன்னாலும் கெஞ்சுவது மாதிரியே கேட்கிறது. எனக்கே அப்படித்தான் கேட்டது.

மிஷின் நின்றுவிட்டது. சுத்தியல். தட், தட். மறுபடியும் மிஷின். மூன்று வயதில் போலியோ வந்தது, இப்போது ஐம்பத்து நாலு, இத்தனை வருஷமாக என் கால் இரண்டும் என் பின்னால் வருகின்றன, நான் முன்னால் போகிறேன். என் உடம்பு எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்பதில் எனக்குத் தெரியாத ஒன்று இல்லை. கை தோளுக்குக் கீழே எதையாவது ஊன்றினால் உடம்பைத் தூக்கிவிடுவேன், இந்தக் கை தூக்கும், தையலும் தரையும் சேர்ந்து உரம் ஏற்றிய கை. அதே கை தோளுக்கு மேலே போனால் பிடித்துத் தொங்கத்தான் முடியும். தொங்கிக்கொண்டே வெஸ்டர்ன் டாய்லெட் கோப்பைமேல் ஏறி உட்கார முடியாது. இதில் என்ன பெரிய கணக்கு இருக்கிறது. மூன்றடியில் கம்பி வைத்தால் அது நிற்கிறவர்களுக்கான கம்பி. முட்டி வலிக்காரர்கள் உட்கார்ந்து எழும்ப. நான் எழும்புவதில்லை, ஏறுகிறேன். இந்த வித்தியாசத்தைச் சொல்ல எத்தனை மனு. பெறுநர், அனுப்புநர், பொருள். பொருள்: கழிவறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தித் தரக் கோருதல். எழுதும்போதே கூச்சமாக இருக்கும். என் கக்கூஸ் கதையை குடியிருப்பு வாரியத்தின் தபால் பிரிவு படிக்கும், கிளார்க் படிப்பார், படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளுவார்.

யேசுபாதம் தூக்கிக்கொண்டிருந்தவரை மனு தேவைப்படவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்தான். ஆட்டோ எடுக்கக் கிளம்புமுன் என்னைத் தூக்கிக் கோப்பைமேல் உட்கார வைத்துவிட்டு வெளியே போய்ப் பல் விளக்குவார், நான் கூப்பிட்டால் வந்து இறக்குவார். ஒருநாள் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். அவர் ஆட்டோவோடு போய்விட்டால் திரும்ப வருகிறவரை என் வயிறும் மூத்திரப்பையும் அவர் சவாரிக்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரே வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. பகலெல்லாம் நாக்கை நனைக்க ஒரு மடக்கு, அவ்வளவுதான். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். கல் சேர்ந்து, சீழ் வைத்து, ஜுரத்தில் கிடந்தபோது பெரியாஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா, ஏம்மா தண்ணி குடிக்கிறதுக்கு என்ன கஷ்டம் உனக்கு என்று எல்லோர் முன்னாலும் திட்டினார். குடிக்கிறதில் கஷ்டமில்லை டாக்டர். அதைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்குமேலும் கேட்பார், பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த ஆண்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். அப்புறம் யேசுபாதத்துக்குக் குடலிறக்கம், ஆபரேஷன், இனி வெயிட்டே தூக்கக் கூடாது என்றுவிட்டார்கள். வெயிட் என்றால் நான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர் வாசலிலேயே நின்று, இனிமே எப்படி செசிலி என்றார். அதற்கு முன்னால் அவர் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. நானே ஏறிக்குவேன் என்றேன். ஏறப் போய்த்தான் பிப்ரவரியில் விழுந்தேன். கோப்பைக்கும் சுவருக்கும் நடுவில் இடுப்பு மாட்டிக்கொண்டது. ஈரத்தரையில் பகல் பதினொன்றிலிருந்து அவர் அன்று சாப்பாட்டுக்கு வந்த இரண்டேகால் வரைக்கும். யாரையும் கூப்பிடவில்லை. நைட்டி எங்கெங்கோ விலகிக் கிடந்தது, அந்தக் கோலத்தில் பக்கத்து வீட்டார் வந்து பார்ப்பதற்கு விழுந்தே கிடக்கலாம் என்று தோன்றியது. அதை இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அவர் மறுநாளே இரண்டு ஸ்டீல் கம்பி வாங்கிவந்து, இரவல் டிரில்லால் தானே மாட்டிவிட்டார். ஒன்றரை அடியில். பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளும் நான் நினைத்த நேரத்துக்குப் போனேன், நினைத்த நேரத்துக்கு வந்தேன். பதினேழாம் நாள் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: அனுமதியின்றிக் கட்டமைப்பில் மாற்றம், ஏழு நாளில் பழைய நிலைக்குக் கொண்டுவராவிட்டால் ஒதுக்கீடு ரத்து. கட்டமைப்பு. எட்டுத் துளை. மாடியில் மழைத்தண்ணீர் இறங்கிச் சுவர் பொத்தல் பொத்தலாக உதிர்வது கட்டமைப்பு இல்லை, குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் நாலு அங்குலக் கட்டை கட்டி வைத்தது கட்டமைப்பு இல்லை. இத்தனைக்கும் இது மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டு வீடு. தரைத்தளத்தில் ஆறு வீடு வரிசையாக எங்களுக்கென்றே. ஒதுக்கியவர்களுக்கு நாங்கள் எப்படிக் குளிப்போம் என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லை, நாங்களே வழி செய்துகொண்டால் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. யேசுபாதம் கம்பியைக் கழற்றித் துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தார். அடைத்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார், இவ்வளவு சுத்தமாக எதற்கு என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அன்றிலிருந்து மறுபடியும் தண்ணீர்க் குறைப்பு, குளியலறைத் தரையில் ஒரு பேசின். அப்புறம் மனு. மனுவுக்கு நம்பர். நம்பருக்கு ஆய்வு. நான் நிஜமாகவே நடக்க முடியாதவளா, நிஜமாகவே எனக்குக் கம்பி வேண்டுமா என்று பார்க்க அந்த இன்ஜினியர். எப்படிப் போவீங்கன்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்கம்மா, ஃபைலுக்குப் போட்டோ வேணும் என்றார் அவர். கெட்டவர் இல்லை. சின்ன வயசு, வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அதுதான் இன்னும் எரிகிறது. கெட்டவராக இருந்திருந்தால் முடியாது போய்யா என்று சொல்லியிருப்பேன். காட்டினேன். கையை ஊன்றி, கட்டையைத் தாண்டி, நைட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு. போனில் க்ளிக். திரும்பி வாங்கம்மா, இன்னொண்ணு. க்ளிக். முகம் வராதும்மா, கவலைப்படாதீங்க என்றார். முகத்தைப் பற்றித்தான் நான் கவலைப்பட்டேன் என்று நினைத்துவிட்டார். அந்தப் படம் இப்போது எந்த மேசையில் எந்த ஃபைலில் கிடக்கிறதோ, யார் யார் புரட்டினார்களோ, சோறு சாப்பிட்ட கையோடு.

சத்தம் நின்றுவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே நின்றுவிட்டது, ஸ்குரூ முறுக்குகிற கிறீச் மட்டும். ஒரு கம்பி முடிந்திருக்கும். இன்னொன்று மிச்சம். இப்போது போகாவிட்டால் இரண்டும் முடிந்துவிடும். ஜாக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கையை ஊன்றினேன். வாசலில் பாயின் கருவிப் பை, ஒயர், செங்கல் நிறத்தில் தூசி. கட்டைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன். கம்பி பளபளவென்று இருந்தது. என் தலைக்கு மேலே இருந்தது.

பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னம்மா என்றார். அறுபது வயசிருக்கும், தாடியெல்லாம் சுவர்த்தூள். ஒன்றரை அடி சொல்லியிருந்தேனே பாய் என்றேன். அவர் பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். ஆறு வீடு, வீட்டுக்கு இரண்டு கம்பி, உயரம் தரையிலிருந்து மூன்றடி, டைப் அடித்திருந்தது. ஆறு வீட்டுக்கும் ஒரே வரிதான். ஒரு கால் இல்லாதவருக்கும் மூன்றடி, எனக்கும் மூன்றடி, அடுத்த வீட்டில் பஸ் கவிழ்ந்து முதுகெலும்பு போய்ப் படுத்திருக்கிற ஹேமாவுக்கும் மூன்றடி. போன் போடுங்க பாய் என்றேன். அவர் தயங்கிவிட்டுப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கட்டைமேல் நிறுத்தினார். இன்ஜினியர் குரல் களைப்பாக இருந்தது. கம்பி மூன்றடியில் மாட்டியிருக்கிறது, எனக்கு அது உபயோகமில்லை என்றேன்.

"கை எட்டுதில்லம்மா?"

"எட்டுது சார். எட்டி என்ன பண்றது. ஏற முடியாது."

"ரூல்ஸ்ல அதுதாம்மா. நான் இஷ்டத்துக்கு மாத்த முடியாது. நீங்களும் அன்னைக்கே உயரம் சொல்லியிருக்கலாம்."

மூன்று தடவை. அண்ணாந்து, நரம்பு இழுக்க, மூன்று தடவை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை அவர். நான் சொல்லவே இல்லையாம். என்னைப் படம் எடுத்தவருக்கு என் குரல் கேட்கவே இல்லையா, இல்லை, கேட்டும் அது அளவு என்று தோன்றவில்லையா, தரையிலிருந்து வந்த ஏதோ முனகல் என்று நினைத்தாரா.

"சொன்னேன் சார். மூணு தடவை சொன்னேன். நீங்க பேனாவையே எடுக்கல."

இப்போதைக்கு வேலையை முடிச்சு ஃபைலை அனுப்பட்டும்மா, வேணும்னா மாற்றக் கோரி ஒரு மனு குடுங்க, பார்க்கிறேன் என்றார். போன் அணைந்துவிட்டது. மனு. திரும்பவும் பெறுநர், அனுப்புநர்.

பாய் கம்பியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். ரெண்டாவது கம்பியை உங்களுக்கு வேணுங்கிற உயரத்துலயே மாட்டிடறேம்மா. மேல இருக்கிறதை மட்டும் போட்டோ எடுத்துக் கொடுத்துடறேன். நீங்க தாள்ல கையெழுத்துப் போட்டுடுங்க, யாருக்கும் தெரிய வேணாம். எவ்வளவு சுலபம். எனக்கு அடிவயிறு காலையிலிருந்து கனத்துக்கொண்டிருந்தது. சரி பாய் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே, பதினோரு மாசம் அலைந்தது இதற்குத்தானே. அவர் நீட்டிய தாளில் அடியில் அச்சடித்திருந்தது: மேற்கண்ட பணி திருப்திகரமாக முடிந்தது, குடியிருப்போர் கையொப்பம். திருப்திகரமாக. மூன்றடி. கையொப்பம், செசிலி. நாளைக்கு ஹேமா மனு எழுதினால், அந்தம்மாவே திருப்தி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார், உனக்கு மட்டும் என்ன என்று கேட்பார்கள். கம்பி எனக்குக் கிடைத்துவிடும். ஆனால் திருட்டுத்தனமாகக் கிடைக்கும், அவர் கருணையால், யாரும் பார்க்காதபோது. கக்கூஸுக்குப் போகவும் நான் ஒளிந்து போகவேண்டுமா.

கீழே மாட்டுங்க பாய், ஆனா தாள்ல உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்றேன். மேலே இருக்கிறது எனக்கு உதவாது, கீழே இருக்கிறது நான் சொன்ன அளவில் மாட்டியது. எழுதி அதன் கீழேதான் கையெழுத்து.

அவர் கட்டைமேல் மெதுவாக உட்கார்ந்தார். உட்காரும்போது முட்டி நொடித்தது. பில் நிற்கும், கான்ட்ராக்டர் தன்னைத்தான் பிடிப்பார் என்றார். அவர் சொன்னது நிஜம், இந்த வயசில் சுவரைத் துளைத்து வயிறு கழுவுகிற மனுஷரை நான் மாட்டிவிடுகிறேன், அது தெரிகிறது, தெரிந்தும் என் வாய் பின்வாங்க மறுக்கிறது. நான்தான் வம்பு பண்ணி மாட்டச் சொன்னேன், மாட்டாமல் வெளியே விடவில்லை என்று எழுதிவிடுகிறேன் பாய் என்றேன். அவர் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. தாடியிலிருந்த தூளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்ல அவங்களுக்கு முட்டி போயிடுச்சும்மா. போன வருஷம் நானே கம்பி வாங்கிப்போய் மாட்டினேன்."

"எந்த உயரத்துல பாய்?"

"மூணடி." ஒயரைக் கையில் சுற்றினார். "அவங்கள நான் கேக்கவே இல்ல."

பிறகு எழுந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். உள்ள வந்து எங்கன்னு காட்டுங்கம்மா என்றார். கட்டையைத் தாண்டி உள்ளே போனேன். இந்த முறை நைட்டியைப் பல்லில் கடிக்கும்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோப்பையின் பக்கத்தில் உட்கார்ந்து, கையை எங்கே ஊன்றுவேனோ அங்கே வைத்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே பென்சில் கோடு விழுந்தது. வெளியே போங்கம்மா, தூசி என்றார். போகவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் மிஷின் சுழன்றது, பல்லெல்லாம் அதிர்ந்தது, கண் எரிந்தது, யேசுபாதம் அடைத்த பழைய சிமெண்ட் வில்லைகளில் ஒன்று பெயர்ந்து என் மடியில் விழுந்தது. நாலு துளை, நாலு ஸ்குரூ. பாய் கம்பியைப் பிடித்து முழு பலத்தோடு ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. நான் வெளிய நிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ஏறினேன். கம்பியில் ஒரு கை, கோப்பை விளிம்பில் ஒரு கை, ஒரே மூச்சு. உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன், அழுவேன் என்றுகூட. வரவில்லை. சுவரில் கடிகாரம் இல்லை, ஆனால் எனக்கு நேரம் தெரியும், அவர் பென்சில் எடுத்ததிலிருந்து பத்து நிமிஷம் இருக்கும். பத்தே நிமிஷ வேலை. இதற்குத்தான் பதினோரு மாசம், எட்டுத் தடவை வாரிய ஆபீஸ், மாடிப்படிக்குக் கீழேயே உட்கார வைத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார், சார் சைட்டுக்குப் போயிருக்கிறார். பிப்ரவரியில் தரையில் கிடந்த மூன்றேகால் மணி நேரம். மூத்திரப்பையில் வைத்த சீழ். பத்து நிமிஷம். நிதானமாக இருந்துவிட்டு, நிதானமாக இறங்கி வந்தேன்.

தாளில் எழுத இரண்டு கோடுதான் விட்டிருந்தார்கள். போதவில்லை. திருப்பிப் பின்பக்கம் முழுக்க எழுதினேன், தேதி, உயரம், ஆய்வுக்கு வந்த நாளில் மூன்று முறை சொன்னது, எழுதப்படாதது, எல்லாம். திருப்திகரமாக என்ற வார்த்தையை அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். எனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று பாயிடம் சொல்லி அவர் போனிலேயே படம் எடுத்து யேசுபாதத்துக்கு அனுப்ப வைத்தேன். பாய் படித்துப் பார்க்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போறேம்மா என்றார். அந்த வீட்டுக்கும் இதே வரிதானே பாய் என்றேன். ஆமாம் என்றார். இருங்க, நானும் வரேன்.

கதவைப் பூட்டிக்கொண்டு சக்கரப் பலகையில் ஏறித் தள்ளினேன். வராந்தாவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஹேமாவின் அம்மா கதவைத் திறந்தார், பாயையும் மிஷினையும் பார்த்து, வாங்க வாங்க என்று ஒதுங்கினார். ஹேமா கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து இருந்தாள். முப்பது வயசு, பஸ் கவிழ்ந்ததிலிருந்து அவள் எதிரிலேயே அவளைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். கம்பி மாட்ட வந்திருக்காங்க ஹேமா, உனக்கு எந்த உயரத்துல வேணும் என்று கேட்டேன். அவள் அம்மா முந்திக்கொண்டு, அவங்களுக்குத் தெரியாததா, அவங்க போடற இடத்துல போடட்டும் என்றார்.

"உங்களைக் கேக்கலக்கா. அவளைக் கேக்கிறேன்."

ஹேமா என்னைப் பார்த்தாள், பாய் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். பாய் அவசரப்படவில்லை.

"தெரியல ஆன்ட்டி," என்றாள். "என்னை உள்ள கூட்டிட்டுப் போங்க. உக்காந்து பார்த்துச் சொல்றேன்."